தீட்டாத அரிசி, குரக்கன், வேலிக்கீரை: குடும்ப உணவைப் படிப்படியாகத் திருத்தும் முறை

கமக்காரக் குடும்பங்கள் பலவற்றில் இன்று விந்தையானதொரு வழக்கம் காணப்படுகின்றது. வயலில் விளைந்த நெல் அறுவடை முடிந்த கையோடு லொறியில் ஏற்றப்படுகின்றது. மூன்று நான்கு மாதஞ் சென்றபின், அத்தகைய நெல்லின் அரிசியே வெள்ளை வெளேரெனத் தீட்டப்பட்டு, பையில் அடைக்கப்பட்டு, கடையிலிருந்து அவ்வீட்டிற்கு விலைப்பொருளாகத் திரும்பி வருகின்றது. ஆலையில் நீக்கிய தவிடு மாட்டிற்குப் போகின்றது. வேலியில் நிற்கும் முருங்கையின் இலை ஆட்டிற்குப் போகின்றது. சத்துள்ள பகுதிகள் தொழுவத்திற்குச் சென்றபின் எஞ்சியதே வீட்டாரின் உணவாகின்றது.

இதன் விளைவு சிறிதன்று. முன்னர் நகரத்தாருக்கே உரியதெனக் கருதப்பட்ட நீரிழிவு நோய் இன்று கிராமங்களிலும் பரவியுள்ளது. சேற்றிலும் வரம்பிலும் வெறுங்காலோடு நடக்கும் கமக்காரனுக்கு இந்நோய் மிகவுங் கொடியது. காலில் உண்டாகும் சிறு காயமும் ஆறாது புண்ணாகி, ஈற்றிற் காலையே இழக்கச் செய்தலுங் கூடும். பெண்களிடத்தும் பிள்ளைகளிடத்தும் இரத்தச்சோகை காணப்படுகின்றது. இந்நோய்களுக்கு உணவு ஒன்றே காரணமென்று கூறல் பொருந்தாது. பரம்பரை, வயது, உடற்பருமன், உழைப்புக் குறைவு என்பனவுங் காரணங்களாகும். ஆயினும் இவற்றுள் எமது கையில் உள்ளவற்றில் முதன்மையானது உணவாகும்.

உணவைத் திருத்துவதற்கு வேண்டிய பொருள்களுட் பெரும்பாலானவை கமக்காரனது வயலிலும் வளவிலும் விளைவனவே. எனினும் ஒரே நாளில் யாவற்றையும் மாற்ற முனைந்த குடும்பங்கள் சில கிழமைகளுள் பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுவதைக் காண்கிறோம். ஆகையால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றமாக, ஆறு மாத காலத்திற் குடும்ப உணவைத் திருத்தும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

1. தீட்டுவதனால் இழப்பவை

100 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோகிராம் உமியாகும். உமியை மாத்திரம் நீக்கிய அரிசியின் மேற்புறத்தில் தவிட்டுப் படையும், ஒரு முனையில் முளையும் உள்ளன. அரிசியைத் தீட்டும்போது இவ்விரண்டும் நீங்குகின்றன. இவற்றின் நிறை நெல்லின் நிறையில் நூற்றுக்கு 8 முதல் 12 வரையேயாயினும், மணியிலுள்ள நார்ப்பொருள், கொழுப்பு, இரும்பு, உயிர்ச்சத்துக்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி இவற்றிலேயே அடங்கியுள்ளது. எஞ்சும் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் மாப்பொருளாகும்.

100 கிராம் தீட்டாத அரிசியில் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பீ1 ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் உண்டு. நன்கு தீட்டிய பச்சையரிசியில் இது 0.1 மில்லிகிராமிலுங் குறைவாகும். நார்ப்பொருளும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. நார்ப்பொருள் குறைந்த சோறு விரைவிற் சமிபாடடைந்து இரத்தத்திற் சீனியின் அளவை விரைவாக உயர்த்தும். பசியும் விரைவில் மீளும்.

இவ்வுண்மை முதலில் வெளிப்பட்ட வரலாறு அறியத்தக்கது. கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், 1890களில் யாவாத் தீவின் பத்தாவியா நகரிற் பெரிபெரி என்னும் நரம்பு நோயை ஆராய்ந்து வந்தார். தாம் வளர்த்த கோழிகளும் அந்நோயை ஒத்த முடக்கத்தால் வருந்துவதைக் கண்டார். அக்காலத்தில் அவற்றிற்கு மருத்துவமனைச் சமையலறையில் ஆக்கிய தீட்டிய அரிசிச் சோறு இடப்பட்டு வந்தது. மீண்டுந் தீட்டாத அரிசியை இடவே கோழிகள் குணமடைந்தன. தவிட்டில் உடலுக்கு இன்றியமையாத ஒன்று உண்டென்பதை 1901ஆம் ஆண்டில் கெரித் கிறைன்ஸ் தெளிவாக்கினார். ஐக்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் ஒரு பங்கு வழங்கப்பட்டது.

இங்கு இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்குகின்றது. ஆகையாற் புழுங்கலரிசியைச் சிறிது தீட்டினாலும், அதே அளவு தீட்டிய பச்சையரிசியிலும் அது சிறந்ததாகும். எமது முன்னோர் நெல்லைப் புழுக்கிய வழக்கம் அறிவுடைய வழக்கமே. இரண்டாவது, அரிசி சிவப்பு நிறமாயிருத்தல் மாத்திரம் போதாது. சிவப்பு நிறம் தவிட்டுப் படையிலேயே உள்ளது. சிவப்பு நெல்லையும் மிகத் தீட்டினால் அதன் பயன் நீங்கிவிடும். வெள்ளை நெல்லாயினுந் தீட்டாதிருந்தால் பயன் உண்டு.

2. படிப்படியாக மாற்றவேண்டிய காரணங்கள்

(அ) வயிறு: நார்ப்பொருள் குறைந்த உணவிற்குப் பழகிய குடலுக்கு அதனைத் திடீரெனக் கூட்டினால் வயிறு ஊதும், வாயு உண்டாகும். சில கிழமைகளிற் குடல் பழகிக்கொள்ளும். நீரும் கூடுதலாக அருந்துதல் வேண்டும்.

(ஆ) நாக்கு: வெள்ளைச் சோற்றிற்குப் பழகிய பிள்ளைகளுக்கு மறுநாளே முற்றுஞ் சிவந்த சோற்றைப் படைத்தால் அவர்கள் தட்டைத் தள்ளிவிடுவர். நாளடைவிற் கலப்பைக் கூட்டினால் வேறுபாட்டை அதிகம் உணரார்.

(இ) அடுப்படி: தீட்டாத அரிசியை ஊறவைத்தல், குரக்கனைச் சுத்தஞ் செய்தல், கீரை ஆய்தல் ஆகியன யாவும் வேலைகளே. இவற்றை ஒரே கிழமையிற் சமைப்பவர்மேற் சுமத்தினால் அவர் சலிப்படைவார். வீட்டிற் சமைப்பவர் உடன்படாத மாற்றம் நிலைக்காது. கீரை ஆய்தலையும் நெல் உலர்த்துதலையும் ஏனையோர் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும்.

(ஈ) நிலம்: குரக்கனும் பயறும் விதைக்கும் பருவம் வந்தாலன்றி வீட்டில் அவை இரா. உணவு மாற்றம் போகங்களோடு இணைந்து செல்லல் வேண்டும்.

3. தொடங்குமுன் ஒரு கிழமைக் கணக்கு

முதற் கிழமையில் எதனையும் மாற்ற வேண்டா. பிள்ளைகளின் கொப்பியொன்றில் ஏழு நாளும் மூவேளையும் உண்டவற்றை எழுதுக. ஒவ்வொன்றும் கடையிலிருந்து வந்ததா, சொந்த நிலத்திலிருந்து வந்ததா என்பதையும் பக்கத்திற் குறிக்க. கிழமை முடிவில் வீட்டார் யாவரும் இருந்து அதனைப் படித்தல் வேண்டும். எத்தனை வேளை கோதுமை மா உண்டோம், எத்தனை வேளை கீரை உண்டோம், சீனி எவ்வளவு செலவாயிற்று என்பன அப்பொழுது தாமே புலப்படும். எதனை முதலில் மாற்றுவதென்பதையும் அன்றே தீர்மானிக்கலாம். ஆறு மாதத்தின்பின் மீண்டும் ஒரு கிழமைக் கணக்கு எழுதி ஒப்பிட்டுப் பார்க்க.

4. முதலாம் படி: சோறு (1ஆம், 2ஆம் மாதங்கள்)

நாளொன்றிற்குப் பெரும்பங்காக உண்பது சோறாதலின் அதிலிருந்து தொடங்குதல் நன்று. ஒரு வேளைக்கு நான்கு சுண்டு அரிசி உலையிலிடும் வீட்டிற் பின்வருமாறு மாற்றுக.

1ஆம், 2ஆம் கிழமைகள்: தீட்டாத அரிசி 1 சுண்டு, வழக்கமான அரிசி 3 சுண்டு.
3ஆம், 4ஆம் கிழமைகள்: ஒவ்வொன்றும் 2 சுண்டு.
5ஆம், 6ஆம் கிழமைகள்: தீட்டாத அரிசி 3 சுண்டு, வழக்கமான அரிசி 1 சுண்டு.
7ஆம் கிழமை முதல்: முழுவதுந் தீட்டாத அரிசி.

யாருக்கேனும் வயிறு ஒவ்வாதிருந்தால் அந்தப் படியிலேயே இன்னும் இரு கிழமை தங்குக, பின்வாங்க வேண்டியதில்லை. இறுதிப் படியை அடைய முடியாத குடும்பம் பாதிக்குப் பாதியில் நின்றாலும் அது பயனுடையதே.

சமைக்கும் முறை: தீட்டாத அரிசி வேகக் கூடிய நேரம் எடுக்கும். அதனை விரைவாக ஒருமுறை அல்லது இருமுறை கழுவி, இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து, ஊறிய நீரோடு முதலில் உலையிலிடுக. அரைவேக்காடானபின் வழக்கமான அரிசியைச் சேர்த்தால் இரண்டும் ஒருங்கே வேகும். ஊறவைப்பதனால் விறகும் மிச்சமாகும். பலமுறை அரிசியைக் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் உயிர்ச்சத்துக்களைக் கொட்டுவதாகும். நீரை அளந்து வைத்து வற்றச் செய்தல் நன்று. கஞ்சியை வடித்தால் அதனைச் சிறிது உப்பிட்டு அருந்துக.

நெல்லைப் புழுக்கும் முறை: நெல்லைத் தூற்றிச் சுத்தஞ் செய்து 24 முதல் 36 மணித்தியாலம் வரை ஊறவைக்க. 12 மணித்தியாலத்திற்கு ஒருமுறை நீரை மாற்றுக. மாற்றாவிடின் சோற்றில் நாற்றம் உண்டாகும். பின்னர் நீரை வடித்து, உமி வெடிக்கத் தொடங்கும் வரை ஆவியில் அவிக்க. முதலில் நிழலிலும் பின்னர் இளவெயிலிலும் உலர்த்துக. கடும் வெயிலில் ஒரேயடியாகக் காயவிட்ட நெல் ஆலையில் நொறுங்கும்.

ஆலையிற் கவனிக்கவேண்டியவை: பழைய இரும்பு உருளைப் பொறிகள் உமியையும் தவிட்டையும் ஒருங்கே நீக்குவன, அவற்றில் தீட்டாத அரிசி பெறுதல் அரிது. இறப்பர் உருளை கொண்ட உமி நீக்கும் பொறி உமியை மாத்திரம் நீக்கும். அத்தகைய ஆலையை நாடி, தீட்டும் பொறிக்கு அனுப்பாது தரும்படி கேட்க. அது கிடையாவிடின், ஒருமுறை மாத்திரம் இலேசாகத் தீட்டித் தரும்படி கேட்க. கிழமைக்குச் சிறிதளவை உரலிற் குற்றிக்கொள்ளலும் ஆகும்.

சேமிப்பு: தவிட்டில் எண்ணெய் உண்டாதலால் தீட்டாத அரிசி நெடுநாள் வைத்தாற் சிக்குநாற்றம் அடையும். ஆகவே நெல்லாகச் சேமித்து, இரண்டு கிழமைக்குத் தேவையான அளவை மாத்திரங் குற்றுவித்துக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்க.

5. இரண்டாம் படி: காலை உணவும் இரா உணவும் (3ஆம் மாதம்)

கோதுமை எமது நாட்டிற் பயிராவதன்று. 1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் கைப்பட்டபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் காலத்திற் கோதுமை மா கிராமங்களிலும் புகுந்தது. பின்னர் அது நிலைத்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலையும் பாணின் விலையும் பன்மடங்கு உயர்ந்தமையை யாவரும் அறிவர். அக்காலத்திற் குரக்கனும் மரவள்ளியும் கைவசம் இருந்த வீடுகள் கடையை நோக்கி நிற்கவில்லை.

வெள்ளைக் கோதுமை மாவும் தீட்டிய அரிசியைப் போன்றதே. தவிடும் முளையும் நீக்கப்பட்டது. அதன் இடத்தைக் குரக்கன் நன்கு நிரப்பும். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் இது 10 மில்லிகிராம் அளவேயாகும். குரக்கனை உமியோடன்றித் தோலோடு முழுதாக அரைப்பதால் நார்ப்பொருளும் நீங்குவதில்லை.

ரொட்டிக்கும் பிட்டிற்கும் முதற் கிழமையில் மூன்று பங்கு வழக்கமான மாவிற்கு ஒரு பங்கு குரக்கன் மா சேர்க்க. இரண்டாங் கிழமையிற் பாதிக்குப் பாதி ஆக்குக. முழுவதுங் குரக்கனாகப் பிட்டவித்தால் அது இறுகுவதாகச் சிலர் கூறுவர். தீட்டாத அரிசியின் வறுத்த மாவைப் பாதியளவு கலந்து, தேங்காய்ப்பூவைச் சற்றுக் கூட்டி அவித்தால் மென்மையாயிருக்கும். மா அரிக்கும்போது நெருக்கமான அரிதட்டைப் பயன்படுத்தித் தோலை நீக்கிவிடல் கூடாது. அரைக்குமுன் குரக்கனை நீரில் அரித்துக் கல்லும் மண்ணும் போக்கி வெயிலில் உலர்த்தினால் இதற்குத் தேவையுமில்லை.

கிழமையில் ஐந்து நாள் பாண் உண்ணும் வீடு முதல் மாதத்தில் மூன்று நாளாகவும், பின்னர் ஒரு நாளாகவும் குறைக்கலாம். மற்றை நாள்களில் அவித்த பயறு அல்லது கௌபி தேங்காய்ப்பூவுடன், அவித்த வற்றாளை அல்லது மரவள்ளி சம்பலுடன், இலைக்கஞ்சி, பழஞ்சோறு ஆகியவற்றை முறைவைத்து உண்க. யாழ்ப்பாணப் பகுதியார் ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து வடித்துக் கைப்பு நீக்கிப் பிட்டவிப்பர், அதுவும் நன்று. கோதுமையை விட முடியாதோர் அதனை முழுதாக அரைத்த ஆட்டா மாவைக் கொள்ளலாம்.

6. மூன்றாம் படி: பயறும் கீரையும் (4ஆம் மாதம்)

சோற்றிலுள்ள புரதத்தில் லைசின் என்னுங் கூறு குறைவு. பயறு, கௌபி, உழுந்து, கடலை ஆகியவற்றில் அது நிறைந்துள்ளது. அவற்றிற் குறைவான கூறு அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஆகையால் நாளொன்றிற்கு ஒரு வேளையேனுந் தானியத்தோடு அவரையினப் பண்டம் ஒன்று இருத்தல் வேண்டும். பயற்றை ஒரு நாள் ஊறவைத்து முளைகட்டி உண்டால், அதிலுள்ள இரும்பு உடலிற் சேர்தல் எளிதாகும். விரைவில் வேகவுஞ் செய்யும்.

கீரையைப் பொறுத்தவரை, முதலிற் கிழமையில் இரண்டு நாள், பின்னர் நான்கு நாள், பின்னர் ஒவ்வொரு நாளும் என்னும் முறையிற் கூட்டுக. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிக் கறி, பசளி, அகத்தியிலைச் சொதி, தவசிமுருங்கை ஆகியன யாவும் காசு கொடாது பெறத்தக்கவை. கீரையைக் கழுவியபின் அரிக. அரிந்தபின் கழுவினாற் சத்து நீரோடு போகும். நெடுநேரம் வேகவைத்தலுங் கூடாது. இறக்கும் வேளையிற் தேசிக்காய்ப் புளி விட்டால் கீரையின் இரும்பு உடலிற் கூடுதலாகச் சேரும். இதற்கு மாறாக, உணவோடு தேநீர் அருந்தினால் அவ்விரும்பு சேர்வது தடைப்படும். சாப்பாட்டிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலமேனும் விடுக.

முட்டை, மோர், குளத்து மீன், முள்ளோடு உண்ணத்தக்க நெத்தலி ஆகியன இருப்போர் அவற்றை விலக்க வேண்டியதில்லை. இவையும் முழு உணவுகளே.

ஓர் எச்சரிக்கை: மரக்கறிச் செய்கையாளர் பயிர்களுக்கு மருந்து தெளிக்கும்போது அயலில் நிற்கும் கீரையிலும் அது படியும். தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் இருத்தல் வேண்டுமென்பது மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டிற் குறிக்கப்பட்டுள்ளது. அவ்விடைவெளி கழியுமுன் பறித்த கீரையையோ காயையோ வீட்டிற்குக் கொள்ளல் ஆகாது. வீட்டிற்கு ஆகாதது சந்தைக்கும் ஆகாது. எமது பிள்ளைகளுக்கென மருந்தடியாத பாத்தி வைத்துக்கொண்டு, நாள் கழியாத காயைப் பிறர் பிள்ளைகளுக்கு விற்பது அறமன்று.

7. நான்காம் படி: சீனியும் உப்பும் (5ஆம், 6ஆம் மாதங்கள்)

ஐவர் கொண்ட வீட்டில் ஒவ்வொருவரும் நாளுக்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு தேக்கரண்டி சீனியிட்டுத் தேநீர் அருந்தினால், தேக்கரண்டிக்கு 5 கிராமாக நாளொன்றிற்கு 150 கிராம் ஆகின்றது. மாதத்திற்கு நாலரைக் கிலோகிராம். தேநீரில் மாத்திரம் ஒருவர் உண்பது நாளுக்கு 30 கிராம். மாவுருண்டை, இனிப்புப் பானம் முதலியன இதற்குப் புறம்பு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றிற்கு 25 கிராமுக்குள் அமைத்துக்கொள்ளல் மேலும் நன்மை தரும் என 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது.

இரு கிழமைக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டியைக் குறைக்க. இரண்டு மாதத்தில் வெறுந்தேநீரின் சுவை பழகிவிடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அருந்துவோர் அதுவுஞ் சீனியின் இனத்ததே என்பதை மறவாது சிறுதுண்டோடு நிறுத்துக.

உப்பு நாளொன்றிற்கு ஒருவருக்கு ஒரு தேக்கரண்டியாகிய 5 கிராமுக்கு மேற்படலாகாது. கருவாடு, ஊறுகாய், மிளகாய் வற்றல் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதனுள் அடங்கும். கறியில் உப்பைக் குறைத்துப் புளியையும் மிளகையும் சற்றுக் கூட்டினாற் சுவை குன்றாது.

8. சிறு குழந்தைகள், முதியோர், நோயாளர்

ஆறு மாதம் நிறையும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே உணவு. அதன்பின், சிறு பிள்ளையின் வயிறு சிறியதாதலால் நார்ப்பொருள் மிகுந்த உணவை மாத்திரங் கொடுத்தால் வயிறு நிரம்பும், வலு போதாது. அவர்களுக்குக் குழையச் சமைத்துத் தேங்காய்ப்பால், நெய், முட்டை, மீன் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்துப் பலமுறை சிறிது சிறிதாக ஊட்டுக.

பல்லிழந்த முதியோருக்குத் தீட்டாத அரிசியைக் குறுணலாக்கிக் கஞ்சியாகக் கொடுக்க.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். உணவு திருந்தும்போது இரத்தத்திற் சீனி குறைவதால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி நேரும். மருந்தைத் தாமாக நிறுத்தல் கூடாது. தீட்டாத அரிசியாயினும் அளவின்றி உண்டால் அவர்களுக்குத் தீங்கே.

வவுனியா, அனுராதபுரம், பொலன்னறுவை முதலிய வறண்ட வலய மாவட்டங்களிற் கமக்காரர் பலரை நாட்பட்ட சிறுநீரக நோய் பீடித்துள்ளது. இந்நோயாளருக்கு இங்குக் கூறியவை அப்படியே பொருந்தா. கீரை, பயறு, தவிட்டுத் தானியம் ஆகியவற்றிலுள்ள பொற்றாசியமும் பொசுபரசும் பழுதடைந்த சிறுநீரகத்தால் வெளியேற்றப்படாது உடலில் தேங்கக்கூடும். அவர்கள் மருத்துவமனையிற் கூறிய உணவையே கொள்ளல் வேண்டும்.

9. வயலிலும் வளவிலும் செய்யவேண்டியவை

ஐவர் கொண்ட குடும்பம் நாளுக்கு ஒன்றரைக் கிலோகிராம் அரிசி சமைத்தால் ஆண்டிற்கு ஏறத்தாழ 540 கிலோகிராம் வேண்டும். உமியை மாத்திரம் நீக்கினால் 100 கிலோகிராம் நெல்லில் 75 கிலோகிராம் அரிசி கிடைக்குமென்று கொள்வோம். அப்பொழுது வேண்டிய நெல் 720 கிலோகிராம். நன்கு தீட்டினால் 66 கிலோகிராமே கிடைக்கும். வேண்டிய நெல் 818 கிலோகிராம். புசலுக்கு 21 கிலோகிராமாகக் கணக்கிட்டால் ஆண்டொன்றிற்கு நாலரைப் புசல் நெல் மிச்சமாகும். ஆகவே தீட்டாது உண்பவன் சத்தையும் பெறுகின்றான், நெல்லையும் சேமிக்கின்றான்.

இக்கணக்கின்படி 35 புசல் நெல்லை, விதைநெல்லோடு சேர்த்து, விற்குமுன் ஒதுக்குதல் வேண்டும். கடனுக்காக முழுவதையும் களத்திலேயே விற்க நேர்வோர் முதற் போகத்தில் மூன்று மாதச் சாப்பாட்டிற்குரிய 9 புசலையேனும் ஒதுக்கி, போகத்திற்குப் போகங் கூட்டுக. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14க்கு மேற்படாது நன்கு உலர்த்தி, நிலத்தில் படாது பலகையின்மேல் அடுக்குக. வீட்டுத் தேவைக்கெனச் சிறு பகுதியிற் பச்சைப்பெருமாள் போன்ற பழைய சிவப்பு இனத்தையோ, கூடிய விளைவு தரும் அற் 362 என்னும் சிவப்பு இனத்தையோ விதைக்கலாம்.

குரக்கன்: கிழமைக்கு ஒரு கிலோகிராம் செலவாகும் வீட்டிற்கு ஆண்டிற்கு 52 கிலோகிராம் போதும். மேட்டு நிலத்தில் ஐப்பசி மழையோடு இரண்டு பரப்பிற் செய்கைபண்ணினால் இதனைப் பெறலாம்.

பயறு: காலபோக அறுவடைக்கும் சிறுபோக விதைப்பிற்கும் இடையில் வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு விதைக்க. ஏறத்தாழ 65 நாளில் விளையும். வீட்டிற்கு ஆண்டிற்கு 30 கிலோகிராம் போதும். அதன் வேர்முடிச்சுக்கள் வளியிலுள்ள நைதரசனை நிலத்திற் சேர்ப்பதால் அடுத்து வரும் நெல்லும் பயனடையும்.

வேலி: கதியாலுக்கு இடையிடையே முருங்கையும் அகத்தியும் நடுக. கிணற்றடி நீர் ஓடும் வாய்க்காலோரத்தில் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் பதிக்க. இவற்றிற்குத் தனியாக நீர் இறைக்க வேண்டியதில்லை.

10. கமக்காரர் எழுப்பும் சில ஐயங்கள்

“தவிடு மாட்டிற்கும் கோழிக்கும் வேண்டுமே?” என்பர். பழைய பொறியில் வரும் தவிடு உமியோடு கலந்திருப்பதால் மாட்டிற்கும் அது நல்ல தீனியன்று. பயற்றங்கொடி, குரக்கன் வைக்கோல் ஆகியன இம்முறையிற் புதிதாகக் கிடைக்கும் தீனிகளாகும்.

“விருந்தினருக்குச் சிவந்த சோறு படைப்பது மதிப்பா?” என்பர். சிவப்பரிசியும் குரக்கனும் இன்று நகரத்தார் கூடிய விலை கொடுத்து வாங்கும் பண்டங்கள். விளைவித்தவன் வீட்டில் அவற்றிற்கு மதிப்பில்லாதிருத்தல் பொருந்தாது. எனினுங் கலியாணத்திலும் திருவிழாவிலும் வெள்ளைச் சோறு உண்பதால் தீங்கொன்றும் நேராது. நாள்தோறும் உண்பதே உடலை ஆக்குவதும் அழிப்பதும் ஆகும்.

“பிள்ளைகள் உண்ண மறுக்கின்றனரே?” என்பர். வற்புறுத்தலால் வெறுப்பே மிகும். முந்திய படியில் இரு கிழமை தங்கி, பெற்றோர் தாம் விரும்பி உண்பதைக் காட்டுக. குரக்கனைக் களியாகக் கிண்டிக் கொடுத்தாற் பல பிள்ளைகள் விரும்புவர்.

சுருக்கம்

1. ஒரு கிழமைக் கணக்கு எழுதியபின் தொடங்குக.
2. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க; சோறு, மாப்பண்டம், பயறும் கீரையும், சீனியும் உப்பும் என்பது ஒழுங்கு.
3. தீட்டாத அரிசியை நான்கிலொரு பங்கில் தொடங்கி, இரு கிழமைக்கு ஒருமுறை கூட்டுக.
4. வீட்டுச் சாப்பாட்டிற்குரிய நெல்லை விற்குமுன் ஒதுக்குக.
5. மருந்து தெளித்த இடத்துக் கீரையைக் குறித்த நாள் கழியுமுன் பறியாதிருக்க.
6. நீரிழிவு நோயாளரும் சிறுநீரக நோயாளரும் மருத்துவரைக் கேட்டே மாற்றஞ் செய்க.

குரக்கன், பயறு ஆகியவற்றின் விதை பெறும் வழிகளையும், உமங்கள் பகுதிக்கு ஏற்ற விதைப்புக் காலத்தையும் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடங் கேட்டறிக. வரும் காலபோகத்திற்கு விதைநெல் ஒதுக்கும் நாளிலேயே குடும்பத்தின் சாப்பாட்டு நெல்லையும் அளந்து ஒதுக்குவீராயின், இம்முறையின் முதற் படியை ஏறியவராவீர்.